2,14,74,83,647 பகா எண் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் கையால் நிறுவ முடியுமா?

கேள்வி: அரசலாற்றங்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். டிசம்பர் 22 தேசியக் கணித நாளுக்காக எங்கள் மாணவர்கள் சிறு கண்காட்சி ஒன்றைத் தயாரித்து வருகிறார்கள். அதன் பொருட்டு எழுந்த ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

பெருக்குத் தொடர்வரிசைப் பாடத்தின்போது, மாதத்தின் முதல் நாள் ஒரு நெல்மணி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் நான்கு என ஒவ்வொரு நாளும் இரட்டித்துக்கொண்டே போனால் 31 நாள்களில் மொத்தம் எத்தனை மணிகள் சேரும் என்று கேட்டிருந்தேன். விடை 2³¹ − 1, அதாவது 2,14,74,83,647. ஒரு மாணவி இதோடு நிற்கவில்லை. ஆயிரம் மணிகளின் எடை 20 கிராம் என்று கொண்டு, மொத்தம் ஏறத்தாழ 43 டன் வரும் என்றும், கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ சிப்பமாகக் கட்டினால் 1,074 சிப்பங்கள் தேவைப்படும் என்றும் கணக்கிட்டு வந்தாள். அறுவடைக் காலத்தில் தந்தையுடன் நிலையத்தில் காத்திருந்து பழகியவள் ஆதலால் அந்த அளவு அவளுக்குக் கண்முன் நின்றது. அதன் பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னை இங்கே அழைத்து வந்தது: "இத்தனை மணிகளையும் மிச்சமில்லாமல் சமமாகப் பங்கிட முடியுமா, அம்மா?"

இந்த எண் பகா எண் என்பது எனக்குத் தெரியும். ஆனால் "பகா எண் என்று நூலில் போட்டிருக்கிறது" என்பதை விடையாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை. 46,340-இன் வர்க்கம் நம் எண்ணைவிடச் சிறியது, 46,341-இன் வர்க்கம் பெரியது. ஆகவே 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இருப்பினும் அவை நான்காயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. வகுப்பில் 38 மாணவர்கள். ஒவ்வொருவரும் நூற்றுக்கு மேற்பட்ட நீள்வகுத்தல் செய்ய வேண்டும் என்பது நடவாத காரியம்.

யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையும் மட்டு எண்கணிதமும் அவர்களுடைய பாடத்திலேயே உள்ளன. இவற்றைக் கொண்டு வேலையைக் குறைக்க வழியுண்டா? இந்த எண்ணுக்கு உரிய வேறு பண்புகள் எவையேனும் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டத் தக்கனவாக இருந்தால் அவற்றையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: குடமுருட்டிக் கரையான்

வணக்கம் அம்மா. எனக்குத் தோன்றும் எளிய வழியைச் சொல்கிறேன். முதலில், அடுக்காக உள்ள 31 ஒரு பகா எண் என்பதைக் கவனியுங்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அந்த அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதும் பகு எண்ணாகவே இருக்கும். சான்றாக, 2¹⁵ − 1 = 32,767. 15 என்பது 3 × 5 ஆதலால், இது 2³ − 1 ஆகிய 7-ஆலும் 2⁵ − 1 ஆகிய 31-ஆலும் மீதியின்றி வகுபடும். நம் எண்ணுக்கு அந்த இடர் இல்லை.

அடுத்து, ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைப் பயன்படுத்தலாம். ஓர் எண் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், அதைவிட ஒன்று குறைவான எண்ணை 2-இன் அடுக்காக வைத்து அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். நம் எண்ணுக்கு இதைச் செய்து பார்த்தேன். மீதி 1 வருகிறது. ஆகவே இது பகா எண் என்று மாணவர்களுக்குக் காட்டிவிடலாம் என எண்ணுகிறேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், திருவையாறு

ஆசிரியைக்கு வணக்கம். குடமுருட்டி நண்பர் முதற்பத்தியில் கூறியது முற்றிலும் சரி. இரண்டாவது பத்தியைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இவ்வகை எண்களுக்கு அந்தச் சோதனை எதையும் சொல்வதில்லை.

அடுக்கு 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11 பகா எண்தான். 2¹¹ − 1 = 2047. இதைவிட ஒன்று குறைந்த 2046 என்பது 11 × 186. 2¹¹-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1 ஆதலால், அதை 186 முறை பெருக்கி வரும் 2-இன் 2046-ஆம் அடுக்குக்கும் மீதி 1-தான். சோதனையில் 2047 தேறிவிட்டது. ஆனால் 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எல்லா இடத்திலும் இதே போன்று 1 என்ற மீதிதான் வரும். எண் பகா எண்ணானாலும் பகு எண்ணானாலும் வேறுபாடு தெரியாது. மாணவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் அறிய வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் ஒரு தேற்றமும் அதன் மறுதலையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பறையில் கண்டதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த எண் பகா எண் என்பதை நிறுவியவர் ஆய்லர். 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தெரிவித்தார். அப்போது ஆய்லர் பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். அவர் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துக்கொண்டிருக்கவில்லை. வகுத்தி ஒன்று இருக்குமானால் அது எந்த வடிவில்தான் இருக்க முடியும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டார்.

வ என்ற பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். நம் எண் ஒற்றைப்படை ஆதலால் வ-வும் ஒற்றைப்படை. அப்படியானால் 2³¹ ≡ 1 (மட்டு வ), அதாவது 2³¹-ஐ வ-ஆல் வகுக்க மீதி 1. ஃபெர்மாவின் தேற்றப்படி 2-இன் (வ − 1)-ஆம் அடுக்கும் ≡ 1 (மட்டு வ). இரண்டு அடுக்குகளுக்கும் மீதி 1 என்றால், பெரிய அடுக்கைச் சிறியதால் வகுத்து எஞ்சும் அடுக்குக்கும் மீதி 1-ஆகவே இருக்கும். யூக்ளிட் வழிமுறையைத் தொடர்ந்து கொண்டுசென்றால், 31, (வ − 1) ஆகிய இரண்டின் மீப்பெரு பொது வகுத்தியை அடுக்காக வைத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும். 31 பகா எண் ஆதலால் அந்த மீப்பெரு பொது வகுத்தி 1 அல்லது 31. அது 1 என்றால் 2 ≡ 1 (மட்டு வ) என்றாகும், அதற்கு வழியில்லை. ஆகவே (வ − 1) என்பது 31-இன் மடங்கு. வ ஒற்றைப்படை ஆதலால் (வ − 1) இரட்டைப்படை. எனவே வ = 62க + 1, இங்கே க ஒரு முழு எண்.

இந்த ஒரு படியிலேயே 46,340-க்குள் சோதிக்க வேண்டியவை 747 எண்களாகக் குறைந்துவிட்டன. நீங்கள் குறிப்பிட்ட யூக்ளிட் வழிமுறையும் மட்டு எண்கணிதமும் ஃபெர்மாவின் தேற்றமும் தவிர இதில் வேறெதுவும் தேவைப்படவில்லை.

இன்னொரு படியும் உண்டு. 2³¹ ≡ 1 என்பதை 2-ஆல் பெருக்கினால் 2³² ≡ 2 (மட்டு வ). இடப்புறம் உள்ளது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது, வ-ஆல் வகுக்கும்போது மீதி 2 வருமாறு ஒரு வர்க்க எண் இருக்கிறது. இது நடக்க வேண்டுமானால் வ-வை 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும் என்பது இருபடி எச்சங்களைப் பற்றிய தேற்றம். இதன் நிறுவல் பத்தாம் வகுப்புக்குச் சற்று அப்பாற்பட்டது. இதை மட்டும் எடுத்துக்கொண்ட முடிவாகப் பலகையில் வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். 62க + 1 என்பதுடன் இதைச் சேர்த்தால் வ-வுக்கு இரண்டே வடிவங்கள் எஞ்சுகின்றன: 248க + 1, 248க + 63.

எண்ணிப் பாருங்கள். முதல் வடிவில் 249 முதல் 46,129 வரை 186 எண்கள். இரண்டாம் வடிவில் 63 முதல் 46,191 வரை 187 எண்கள். மொத்தம் 373. இவற்றிலும் பகு எண்களை அடித்துவிடலாம், ஏனெனில் நாம் தேடுவது பகா வகுத்தியை. தொடக்கத்தில் உள்ள பன்னிரண்டு எண்கள் 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489. இவற்றுள் 311, 1303, 1489 ஆகிய மூன்று மட்டுமே பகா எண்கள். பன்னிரண்டு வகுத்தல் மூன்றாயிற்று. முழுப் பட்டியலையும் உங்கள் 38 மாணவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து எண்கள்கூட வராது. அவற்றிலும் பெரும்பாலானவை அடிபட்டுப் போகும்.

வகுத்தலையும் நீள்வகுத்தலாகச் செய்ய வேண்டியதில்லை. 311-ஐப் பாருங்கள். 2⁸ = 256 ≡ −55. வர்க்கப்படுத்த 2¹⁶ ≡ 3025 ≡ −85. இரண்டையும் பெருக்க 2²⁴ ≡ 4675 ≡ 10. 2⁷ = 128 ஆதலால் 2³¹ ≡ 1280 ≡ 36. ஒன்றைக் கழிக்க, மீதி 35. ஆகவே 311 வகுத்தி ஆகாது. நான்கு வரிகளில் முடிந்துவிட்டது.

இந்த முறை சரியாக வேலை செய்கிறது என்ற நம்பிக்கை மாணவர்களுக்கு ஏற்பட, வகுத்தி கிடைக்கும் ஓர் எண்ணிலும் செய்து காட்டுவது நல்லது. 31-க்கு முந்தைய பகா எண் 29. 2²⁹ − 1 = 53,68,70,911. இதே வாதத்தின்படி வகுத்திகள் 58க + 1 வடிவில், 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வருவனவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட முதல் எண் 175. அது பகு எண். அடுத்தது 233, அது பகா எண். வகுத்துப் பாருங்கள், மீதியே இல்லை! 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. ஆக, சோதிக்கும் முதல் பகா எண்ணிலேயே 29-ஆம் அடுக்கு விழுந்துவிடுகிறது. 31-ஆம் அடுக்கோ பட்டியல் முழுவதையும் தாங்கி நிற்கிறது. ஃபெர்மா 1640-இல் 2²³ − 1-க்கு 47 என்ற வகுத்தியைக் கண்டதும் இந்த வழியில்தான்.

பதில் 3: நாகை மென்பொருளாளர்

மேலே உள்ள விளக்கத்தைப் படித்து மகிழ்ந்தேன். கணினியோடு பழகுபவர்களுக்கு இந்த எண் வேறொரு வகையில் அறிமுகமானது என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இரும எண்முறையில் 2³¹ − 1 என்பது முப்பத்தொரு 1-கள் வரிசையாக நிற்கும் எண். 32 துண்மிகளில் (0 அல்லது 1 எழுதும் இடங்களில்) ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால், மீதமுள்ள 31 இடங்களில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் இதுவே. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இவ்விதம் எண்ணிவரும் பழைய கணினி அமைப்புகளில், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு எண்ணிக்கை 2,14,74,83,647-ஐத் தொடும்; அடுத்த விநாடியை எழுத இடம் இருக்காது.

இதெல்லாம் அந்த எண்ணின் அளவைப் பற்றியது. பகா எண்ணாக இருப்பதும் பயன்படும் ஓர் இடம் உண்டு. 1 முதல் 2,14,74,83,646 வரை ஏதேனும் ஓர் எண்ணில் தொடங்கி, அதை 16,807-ஆல் பெருக்கி, 2³¹ − 1-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடியும் 16,807-ஆல் பெருக்குங்கள். இப்படியே தொடர்ந்தால், இடையிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் சரியாக ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய எண்ணுக்குத் திரும்பி வருவோம். ஒன்றுகூட விடுபடாது. 16,807 என்பது 7⁵. 7-இன் அடுக்குகள் இந்த மட்டில் எல்லா மீதிகளையும் தரும் என்பதும், 5 என்பது 2,14,74,83,646-இன் வகுத்தி அல்ல என்பதும் சேர்ந்துதான் இதை உறுதிசெய்கின்றன. அந்த எண்ணின் காரணிகள் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. சமவாய்ப்பு எண்களை உண்டாக்க இந்த முறையை 1988-இல் பார்க், மில்லர் என்னும் இருவர் பரிந்துரைத்தனர். பல ஆண்டுகள் பரவலாகப் புழங்கியது. மட்டு பகு எண்ணாக இருந்திருந்தால், பூச்சியம் நீங்கலான எல்லா மீதிகளையும் ஒரே சுற்றில் தொடுவது இயலாது.

பதில் 4: வெண்ணாறு

ஆசிரியையின் இரண்டாம் கேள்விக்கு என் பங்கு. நான் தஞ்சையில் முதுகலைக் கணிதம் படிப்பவன்.

இந்த எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. அவ்வாறு மீதி 7 தரும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது, நான்கு தேவை. ஒரு வர்க்க எண்ணை 8-ஆல் வகுக்க மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரும் என்பதையும், அவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது என்பதையும் ஒன்பதாம் வகுப்பு மாணவரே சரிபார்த்துவிடலாம். நான்கு வர்க்கங்களின் கூடுதலாக எல்லா எண்களையும் எழுதலாம் என்பது லாக்ராஞ்சின் தேற்றம். எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கு யாக்கோபியின் வாய்பாடு உண்டு: ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கு, வரிசையையும் குறியையும் வேறுவேறாக எண்ணினால், அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி 8-ஆல் பெருக்க வேண்டும். நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் 2³¹. எட்டால் பெருக்கினால் 2³⁴. ஆக, 2,14,74,83,647-ஐ நான்கு வர்க்கங்களின் கூடுதலாகச் சரியாக 17,17,98,69,184 விதங்களில் எழுதலாம். விடை முழுமையான இரண்டின் அடுக்காக வருவதை முதன்முறை கண்டபோது நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நான்கு வர்க்கங்களின் பாதையில் உங்கள் ஊர்க்காரர் சென்றதையும் கண்காட்சியில் சேர்க்கலாம். வர்க்கங்களுக்கு முன் வெவ்வேறு கெழுக்களை வைத்து, எல்லா மிகை முழுக்களையும் தரக்கூடிய நான்கு வர்க்க வடிவங்கள் எவை என்று சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன் ஆராய்ந்து, 1917-இல் 55 வடிவங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் 1, 2, 5, 5 என்ற கெழுக்களைக் கொண்ட ஒன்று மட்டும் 15 என்ற எண்ணைத் தராது என்பது பின்னர் தெரியவந்தது; மற்ற 54-உம் சரியானவை.

நிறைவெண்ணையும் விட்டுவிடாதீர்கள். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தனக்கே சமமாக வரும் 6, 28 போன்றவை நிறைவெண்கள். 2³¹ − 1 பகா எண் ஆதலால், யூக்ளிடின் விதிப்படி அதை 2³⁰-ஆல் பெருக்கி வரும் 19 இலக்க எண் 2305843008139952128 ஒரு நிறைவெண். 1811-இல் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், இதைவிடப் பெரிய நிறைவெண் இனி ஒருபோதும் கண்டறியப்படாது என்று எழுதினார். 1876-இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவியபோதே அது பொய்த்துவிட்டது. 2024 அக்டோபரில் அறியப்பட்ட 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த பகா எண்ணுக்கு நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

இன்னும் ஒன்று. 31 என்பதே 2⁵ − 1. இப்படி 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்து வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். ஆகவே நம் எண், மெர்சென் பகா எண்ணையே அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். அடுத்த படியாக 2,14,74,83,647-ஐ அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தி ஒன்றைக் கழித்தால் அதுவும் பகா எண்தானா என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இல்லை. அந்தப் பேரெண்ணை 295257526626031 மீதியின்றி வகுக்கிறது. விரிவுரையாளர் ஐயா காட்டிய விதியின்படி இந்த வகுத்தியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2,14,74,83,647-இன் இரட்டைப்படை மடங்கு வர வேண்டும். 1,37,490 மடங்கு வருகிறது. பெருக்கிப் பார்க்கும் வேலையை இரு மாணவர்களிடம் கொடுக்கலாம்.

கேள்வியாளரின் மறுமொழி: அரசலாற்றங்கரை ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 2047 பற்றிய எச்சரிக்கை வராமலிருந்தால் நானும் அந்தச் சோதனையைப் பலகையில் எழுதியிருப்பேன். குடமுருட்டி நண்பர் அந்த யோசனையை முன்வைத்ததால்தான் அந்த விளக்கம் கிடைத்தது, அவருக்கும் நன்றி.

நேற்று 62க + 1 என்ற முடிவை வகுப்பில் நிறுவினேன். இரண்டு பாடவேளைகள் பிடித்தன. மீப்பெரு பொது வகுத்தி அடுக்கில் இறங்கி வரும் இடத்தில் பலர் தயங்கினார்கள். 31-க்குப் பதிலாக 5-ஐ வைத்துச் சிறிய எண்களில் செய்து காட்டிய பின்பே தெளிந்தார்கள். பிறகு 373 எண்களையும் ஒரு பெரிய தாளில் எழுதி 3, 5, 7, 11, 13 ஆகியவற்றின் மடங்குகளை அடித்தோம். எஞ்சியவற்றைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வோர் எண்ணையும் இருவர் தனித்தனியே செய்து மீதியை ஒப்பிட வேண்டும் என்பது மாணவர்களே வகுத்துக்கொண்ட விதி.

இதுவரை 311-க்கு மீதி 35, 1303-க்கு மீதி 226 என்று இருவருக்கும் ஒத்து வந்துள்ளன. 1489-க்கு மட்டும் ஒருவருக்கு 199-உம் மற்றவருக்கு 200-உம் வந்திருக்கின்றன. நெல்மணிக் கேள்வியைக் கேட்ட மாணவியின் விடை 199. எது சரி என்று நான் சொல்லும் முன் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இங்கே ஒருவர் சரிபார்த்துத் தந்தால் எனக்கு உறுதியாக இருக்கும்.

பதில் 5: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், திருவையாறு

சரிபார்த்தேன். 2¹¹ = 2048 ≡ 559. 2²² ≡ 559-இன் வர்க்கம் 3,12,481 ≡ 1280 ≡ −209. 2⁹ = 512-ஆல் பெருக்க 2³¹ ≡ −1,07,008. 1489-இன் 72 மடங்கான 1,07,208-ஐக் கூட்டினால் 200. இது 2³¹-இன் மீதி. அதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மற்ற மாணவர் அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டிருக்கிறார். 199 சரி.